ஒரு கெஜத் தூரத்தில் கைமாறிய கோப்பை: 2015 சூப்பர் பவுலின் கடைசிப் பந்து பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கன் ஃபுட்பால் பார்ப்பேன் என்று சொன்னால் போதும், விளையாட்டு தெரிந்தவர்களில் பாதிப்பேர் இந்த ஒரு ப்ளேயைப் பற்றித்தான் பேச்செடுப்பார்கள். ப்ளே என்றால் ஒருமுறை பந்தை எடுத்து ஆடுவது. வெற்றிக்கு ஒரு கெஜமே இருந்தபோது சியாட்டில் அணி வீசிய பந்தை எதிரணி வீரர் பிடித்துவிட்ட ப்ளே இது. "கோட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு யாராவது பந்தை வீசுவார்களா?" என்பது எல்லோரும் முதலில் கேட்பது. நியாயமான கேள்விதான், அதற்குக் கீழே பதிலும் இருக்கிறது. ஆனால் வருடக்கணக்காக அதை மட்டுமே கேட்டுக் கேட்டு, பந்தைப் பிடித்தவனை ஓரமாக நிறுத்திவிட்டோம் என்பது என் ஆதங்கம். அந்தக் கடைசி இரண்டு நிமிடங்களை எத்தனை முறை ஓட்டிப் பார்த்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளையும் நான் சொல்லிவந்த பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

எந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறோம்?

2015 பிப்ரவரி 1 அன்று அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கிளென்டேல் நகரில் நடந்த 49-வது சூப்பர் பவுல். என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீக்கின் இறுதிப்போட்டிதான் சூப்பர் பவுல். மோதிய அணிகள் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸும் சியாட்டில் சீஹாக்ஸும். முந்தைய வருடம் டென்வர் அணியை 43-8 என்று நொறுக்கிக் கோப்பையை வாங்கியது சியாட்டில். அதைத் தக்கவைக்க வந்திருந்தது. பேட்ரியட்ஸ் அதற்கு முன் மூன்று முறை வென்ற அணி, ஆனால் கடைசியாக வென்று பத்து வருடம் ஆகியிருந்தது.

பேட்ரியட்ஸ் 28, சீஹாக்ஸ் 24. அமெரிக்காவில் மட்டும் சராசரியாக 11.44 கோடிப் பேர் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். அந்த நாட்டுத் தொலைக்காட்சியில் அதுவரை எந்த நிகழ்ச்சிக்கும் அவ்வளவு கூட்டம் இருந்ததில்லை. இந்திய, இலங்கை நேரப்படி ஆட்டம் தொடங்கியது திங்கட்கிழமை காலை 5 மணிக்கு.

இந்த விளையாட்டே எனக்குத் தெரியாது. எவ்வளவு தெரிந்தால் இது புரியும்?

கொஞ்சம் போதும். அணிக்கு 11 பேர். மைதானம் 100 யார்டு நீளம். ஒரு யார்டு என்பது நம் துணிக்கடைக் கெஜம்தான், மூன்று அடி. பந்து கையில் இருக்கும் அணிக்கு 10 யார்டு முன்னேற நான்கு வாய்ப்பு. ஒவ்வொரு வாய்ப்புக்கும் டவுன் என்று பெயர். பத்து யார்டு போய்விட்டால் மறுபடி நான்கு. மைதானத்தின் கடைசியில் இருக்கும் எதிராளியின் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோனால் டச் டவுன், 6 புள்ளி, அதோடு ஒரு உதையில் இன்னொரு புள்ளி. தாண்ட முடியாதபோது தூரத்திலிருந்து கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் 3 புள்ளி.

பந்தை முன்னால் கொண்டுபோக இரண்டு வழி. ஒன்று, குவார்ட்டர்பேக் பந்தை ரன்னிங் பேக்கிடம் கொடுக்க, அவர் முட்டி மோதி ஓடுவது. இன்னொன்று, குவார்ட்டர்பேக் அதை ரிசீவருக்கு வீசுவது, அதாவது பாஸ். வீசிய பந்தை எதிரணிக்காரர் பிடித்துவிட்டால் இன்டர்செப்ஷன், பந்து அவர்களுடையதாகிவிடும்.

கடிகாரத்தைப் பற்றியும் ஒன்று தெரிந்திருக்க வேண்டும், பின்னால் வரும் சண்டையெல்லாம் இதில்தான். ஓடுபவர் களத்துக்குள் சாய்க்கப்பட்டால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். வீசிய பந்து யார் கைக்கும் சிக்காமல் தரையில் விழுந்தால் நின்றுவிடும். ஒவ்வொரு பாதிக்கும் அணிக்கு மூன்று டைம்-அவுட் உண்டு. அதைக் கேட்டாலும் கடிகாரம் நிற்கும்.

கடைசி இரண்டு நிமிடங்களுக்கு முன்னால் என்ன நடந்தது?

மூன்றாவது கால்பகுதி முடியும்போது சியாட்டில் 24-14 என்று முன்னால். அந்தக் காலத்து சியாட்டில் தடுப்பாட்டத்துக்கு எதிராகக் கடைசிக் கால்பகுதியில் பத்துப் புள்ளியை எட்டிப்பிடிப்பது சாமானியமான காரியமில்லை. பேட்ரியட்ஸ் குவார்ட்டர்பேக் டாம் பிரேடி அதைச் செய்தார். டேனி அமெண்டோலாவுக்கு ஒன்று, ஜூலியன் எடெல்மனுக்கு ஒன்று என்று இரண்டு டச் டவுன் பாஸ். இரண்டாவது விழுந்தபோது மீதி நேரம் 2 நிமிடம் 2 விநாடி. 28-24.

நான்கு புள்ளி வித்தியாசம் என்பதால் மூன்று புள்ளி உதை சியாட்டிலுக்கு உதவாது. டச் டவுன் ஒன்றே வழி, 80 யார்டு போகவேண்டும். முதல் பாஸிலேயே ரன்னிங் பேக் மார்ஷான் லின்ச் 31 யார்டு பறித்துவிட்டார். இரண்டு பாஸ் வீணானது. அதன்பின் ரிக்கார்டோ லாக்கெட்டுக்கு 11 யார்டு. பந்து இப்போது பேட்ரியட்ஸின் 38 யார்டு கோட்டில், அதாவது டச் டவுனுக்கு இன்னும் 38 யார்டு.

ஜெர்மெய்ன் கர்ஸ் பிடித்த கேட்சைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?

பார்த்தால்தான் நம்புவீர்கள். சியாட்டிலின் ரஸ்ஸல் வில்சன் வலது ஓரமாக நீளமாக வீசுகிறார். கர்ஸும் அவரைக் காத்துவந்த இளைஞனும் ஒன்றாக எம்புகிறார்கள். காப்பவன் கை பந்தில் படுகிறது, பந்து விலகுகிறது. இருவரும் விழுகிறார்கள். மல்லாந்து கிடக்கும் கர்ஸின் கால்களில் பந்து பட்டுத் துள்ளுகிறது, அவர் கையில் தட்டி மேலே எழுகிறது, மறுபடி இறங்கும்போது படுத்தபடியே அணைத்துக்கொள்கிறார். ஒருமுறைகூடத் தரையைத் தொடவில்லை. உதவிக்கு ஓடிவந்த இன்னொரு பேட்ரியட்ஸ் வீரர், பந்து செத்துவிட்டது என்று நினைத்துக் கர்ஸைத் தாண்டிக் குதித்துப் போய்விட்டார்.

கர்ஸ் எழுந்து நிற்கிறார். எதிரே கோடுவரை ஆளே இல்லை. அப்போது, கீழே விழுந்து எழுந்த அதே இளைஞன் ஓடிவந்து அவரை 5 யார்டு கோட்டருகே களத்துக்கு வெளியே தள்ளுகிறான். அந்தத் தள்ளல் இல்லையென்றால் அங்கேயே டச் டவுன், கதை முடிந்தது. அந்த இளைஞன் பெயர் மால்கம் பட்லர். பந்தைச் சரியாகத் தட்டிவிட்டும் தோற்றவன்போல நடந்துபோய் ஓரத்தில் உட்கார்ந்தான். நீ செய்ததில் பிழையில்லை என்று சக வீரர்கள் தேற்றினார்கள். இந்த கேட்ச் காலத்துக்கும் தன் பெயரில்தான் நிற்கும் என்ற பயம் அவன் முகத்தில் தெரிந்தது.

பேட்ரியட்ஸ் ரசிகர்களுக்கு அந்த நொடியில் 2008 நினைவுக்கு வந்தது என்கிறார்களே, ஏன்?

அதே மைதானம் என்பதால். 2008 பிப்ரவரி 3 அன்று கிளென்டேலில் நடந்த சூப்பர் பவுலுக்கு பேட்ரியட்ஸ் 18 ஆட்டத்தில் 18-ஐயும் வென்று வந்திருந்தது. கடைசி நேரத்தில் நியூயார்க் ஜயண்ட்ஸின் டேவிட் டைரி, பந்தைத் தன் ஹெல்மெட்டோடு சேர்த்து அழுத்திப் பிடித்து 32 யார்டு வாங்கினார். அடுத்த சில ப்ளேக்களில் டச் டவுன். 17-14, தோல்வியே இல்லாத சீசன் கைநழுவியது. ஏழு வருடம் கழித்து அதே புல்தரையில் கர்ஸ் மல்லாந்தபடி பந்தைப் பிடித்தபோது, அந்த ரசிகர்களுக்கு அடிவயிறு கலங்கியதில் வியப்பில்லை. டாம் பிரேடியின் முகத்தையும் கேமரா காட்டியது, பார்த்திருப்பீர்கள்.

5 யார்டிலிருந்து நேராக வீசினார்களா?

இல்லை. பலர் இதை மறந்துவிடுகிறார்கள். 1 நிமிடம் 6 விநாடி இருந்தபோது சியாட்டில் ஒரு டைம்-அவுட் எடுத்தது. அடுத்த ப்ளேயில் பந்து லின்ச்சிடம்தான் போனது. இடது பக்கமாக ஓடினார். கோட்டைத் தாண்டிவிடுவார் என்றே தோன்றியது. தோள் காயத்தோடு ஆடிக்கொண்டிருந்த டான்டா ஹைடவர், தன்னைத் தடுத்தவரிடமிருந்து விடுபட்டு லின்ச்சின் கால்களைப் பிடித்துச் சாய்த்தார். நான்கு யார்டு கிடைத்தது. பந்து 1 யார்டு கோட்டில்.

என்னைக் கேட்டால் அந்த ஆட்டத்தின் இரண்டாவது பெரிய ப்ளே இதுதான். ஹைடவர் பிடி நழுவியிருந்தால் இந்தப் பக்கத்தை எழுத எனக்கு வேலையே இருந்திருக்காது.

அப்போது பேட்ரியட்ஸ் பயிற்சியாளர் டைம்-அவுட் கேட்டிருக்க வேண்டாமா?

பில் பெலிச்சிக் கையில் டைம்-அவுட் இருந்தது. ஒரு நிமிடம் மீதி. எதிரணி எப்படியும் கோட்டைத் தாண்டிவிடும், கடிகாரத்தை நிறுத்திப் பிரேடிக்குக் கொஞ்சம் நேரம் மிச்சம் வை என்பதுதான் வழக்கமான யோசனை. அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். 60, 50, 40, 30 என்று கடிகாரம் இறங்கியது.

எதிர்ப்பக்க ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததாகவும், அங்கே ஏதோ தடுமாற்றம் தெரிந்ததாகவும், அவர்களுக்கு மூச்சுவிட நேரம் கொடுக்க வேண்டாம் என்று தோன்றியதாகவும் அவர் பின்னால் சொன்னார். தோற்றிருந்தால் இந்த மௌனத்தைத்தான் உலகம் இன்றுவரை திட்டிக்கொண்டிருக்கும். ஆனால் அந்த மௌனம் சியாட்டிலை ஒரு மூலைக்குத் தள்ளியது: 26 விநாடி, மூன்று டவுன், ஒரே ஒரு டைம்-அவுட்.

சரி, அந்த ப்ளேயில் என்னதான் நடந்தது?

சியாட்டில் மூன்று ரிசீவர்களை உள்ளே அனுப்பியது. பேட்ரியட்ஸ் கோட்டுக் காவலுக்கான கனத்த ஆட்களை நிறுத்தியிருந்தது. மூன்று ரிசீவர்கள் என்றதும் அவர்களைக் காக்க மூன்றாவதாக ஒரு கார்னர்பேக் (ரிசீவர்களைக் காக்கும் தடுப்பு வீரர்) தேவைப்பட்டார். ஓரத்தில் நின்ற பயிற்சியாளர் பிரையன் ஃபுளோரஸ் "மால்கம், போ!" என்று கத்தினார். சற்றுமுன் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த பட்லர் ஓடி உள்ளே வந்தான்.

வலது பக்கம் கர்ஸ் முன்னாலும் லாக்கெட் அவருக்குப் பின்னாலும் ஒருவர் பின் ஒருவராக நிற்கிறார்கள். திட்டம் எளிமையானது. கர்ஸ் முன்னால் பாய்ந்து, காப்பவர்களின் வழியை மறித்து ஒரு சுவர்போல நிற்பார். அந்தச் சுவரின் மறைவில் லாக்கெட் உள்பக்கமாக வெட்டி ஓடுவார். வில்சன் அவருக்குச் சட்டென்று வீசுவார். காவல்காரர் சுவரைச் சுற்றி வருவதற்குள் பந்து கையில், கோடு காலடியில்.

பந்து வில்சன் கைக்கு வந்தது. கர்ஸ் பாய்ந்தார், ஆனால் எதிரே நின்ற பிராண்டன் பிரவுனர் அவரை நின்ற இடத்திலேயே கட்டிப்போட்டார். சுவர் எழும்பவே இல்லை. லாக்கெட் உள்ளே வெட்டினார். இரண்டு எட்டுப் பின்னால் நின்ற பட்லர் சுற்றி வரவில்லை, காத்திருக்கவில்லை, நேராக அந்த இடத்துக்கே பாய்ந்தான். லாக்கெட்டும் பந்தும் பட்லரும் ஒரே புள்ளியில் மோதினார்கள். லாக்கெட் தெறித்து விழுந்தார். பந்து பட்லர் மார்பில் இருந்தது. மீதி நேரம் 20 விநாடி.

லின்ச்சிடம் ஏன் கொடுக்கவில்லை? இதைத்தானே எல்லோரும் கேட்கிறார்கள்!

மார்ஷான் லின்ச்சை "பீஸ்ட் மோட்" என்று அழைப்பார்கள். நாலு பேர் சேர்ந்து பிடித்தாலும் இழுத்துக்கொண்டு போகிற ஆள். அன்று 24 முறை ஓடி 102 யார்டு, ஒரு டச் டவுன். அவர் கையில் பந்தைத் திணித்தால் மூன்றடி போகமாட்டாரா என்பதுதான் கேள்வி. வர்ணனையில் இருந்த கிரிஸ் காலின்ஸ்வொர்த்தும் அந்த இடத்திலேயே இந்த முடிவை நம்பவே முடியவில்லை என்றார்.

சியாட்டில் பயிற்சியாளர் பீட் கேரலின் கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். 26 விநாடி இருக்கிறது. இரண்டாவது டவுனில் ஓடி மாட்டினால் உள்ள ஒரே டைம்-அவுட்டைச் செலவழிக்க வேண்டும். மூன்றாவதில் மறுபடி ஓடி மாட்டினால் நிறுத்த வழியில்லை. ஒருவர்மேல் ஒருவர் விழுந்த குவியல் கலைந்து மறுபடி வரிசையில் நிற்பதற்குள் நேரம் போய்விடும். நான்காவது வாய்ப்பு காகிதத்தில்தான் இருக்கும். மூன்று வாய்ப்பையும் பயன்படுத்த வேண்டுமென்றால், இரண்டாவதிலோ மூன்றாவதிலோ ஒருமுறை வீசியே ஆகவேண்டும். எதிரே கனத்த ஆட்கள் கோட்டில் திரண்டு நிற்கிறார்கள், ஓட்டத்தை அவர்களிடம் வீணாக்குவானேன், இப்போது வீசுவோம், சிக்கினால் கோப்பை, சிக்காவிட்டால் கடிகாரம் நிற்கும், பிறகு லின்ச்சுக்கு இரண்டு வாய்ப்பு. இதுதான் அவர் யோசனை.

இன்னும் இரண்டு விஷயம். அந்த சீசனின் வழக்கமான ஆட்டங்களில் 1 யார்டு கோட்டிலிருந்து லின்ச் ஓடியது 5 முறை, கோட்டைத் தாண்டியது ஒரே முறை. அதே சீசனில் 1 யார்டு கோட்டிலிருந்து லீக் முழுவதும் நூற்றுக்கு மேற்பட்ட பாஸ்கள் வீசப்பட்டன. அதுவரை அதில் ஒன்றுகூட எதிரணி கைக்குப் போனதில்லை.

அப்படியானால் கேரல் செய்தது சரி என்கிறீர்களா?

வீசியது தவறில்லை என்கிறேன். எங்கே வீசினார்கள் என்பதில்தான் எனக்குக் குறை. ஆட்கள் நெரிசலாக நிற்கும் நடுப்பகுதிக்கு, வேகமாக, ஒருவர் இன்னொருவரை மறிப்பதை நம்பி வீசும் பாஸ் அது. அந்த இடத்தில் பந்து எகிறினால்கூட யார் கையிலாவது விழும். மூலைக்கு உயர்த்தி வீசியிருக்கலாம். அல்லது வில்சன் ஓரமாக ஓடி, ஆள் கிடைக்காவிட்டால் கூட்டத்துக்குள் எறிந்திருக்கலாம். இரண்டிலும் அதிகபட்ச நஷ்டம் சில விநாடி.

ஆனால் ஒன்றை மனதாரச் சொல்ல வேண்டும். பழியை கேரல் யார்மேலும் தள்ளவில்லை. ப்ளேயைத் தேர்ந்தெடுத்தது தாக்குதல் பயிற்சியாளர் டேரல் பெவல் என்றாலும், ஆட்டம் முடிந்த அரைமணிக்குள் கேமராக்கள் முன்னால் நின்று இது என் பொறுப்பு என்றார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போன ராத்திரியில் அப்படி நின்று பேசுவதற்குப் பெரிய மனது வேண்டும்.

ரஸ்ஸல் வில்சன் சரியாக வீசவில்லை என்று ஒரு பேச்சு உண்டே?

பந்து லாக்கெட்டுக்குக் கொஞ்சம் முன்னால் போனது உண்மை. அவர் உடம்போடு ஒட்டி வீசியிருந்தால் பட்லர் தட்டிவிட்டிருக்கலாம், பிடித்திருக்க முடியாது என்பவர்கள் இருக்கிறார்கள். இருக்கலாம். ஆனால் வில்சன் பந்தை விட்ட கணத்தில் லாக்கெட் எதிரே யாரும் இல்லை. அந்த இடத்தில் ஒருவன் இருப்பான் என்று எதிர்பார்க்க அவருக்குக் காரணமும் இல்லை.

பட்லருக்கு எப்படி முன்கூட்டியே தெரிந்தது?

இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்!

இறுதிப்போட்டிக்கு முந்தைய பயிற்சியில், சியாட்டில் கோட்டருகே என்னென்ன ஆடும் என்று பேட்ரியட்ஸ் ஒத்திகை பார்த்தது. பெலிச்சிக்கின் பள்ளிக்கால நண்பர் எர்னி ஆடம்ஸ் எதிரணிகளின் வீடியோக்களைக் கரைத்துக் குடித்தவர். ஒருவர் பின் ஒருவராக இரண்டு ரிசீவர் நிற்கும் இந்த ப்ளேயும் அந்தத் தயாரிப்பில் இருந்தது. ஒத்திகையில் சியாட்டில் வேஷம் கட்டியவர்கள் மாற்று குவார்ட்டர்பேக் ஜிம்மி கராப்பலோவும் ரிசீவர் ஜாஷ் பாய்ஸும். காவலுக்கு நின்றவன் பட்லர்.

அன்று பட்லர் தோற்றான். மறித்து நின்றவரைப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனான். ஒரே ஒரு எட்டுதான் அதிகம். அதற்குள் பாய்ஸ் கையில் பந்து. இந்த ப்ளே வந்தால் நீ அங்கே இருந்தாக வேண்டும் என்று பெலிச்சிக் அவனிடம் சொன்னார்.

சில நாள் கழித்து, கோடிக்கணக்கான பேர் பார்க்க, அதே இருவர் ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். வில்சன் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பட்லருக்கு அது போதும். பின்பக்கமாகச் சுற்றாமல் முன்பக்கமாகப் பாய்ந்தான். ஒத்திகையில் தவறவிட்ட அந்த ஒரு எட்டுதான் இறுதிப்போட்டியில் கோப்பையைக் கொண்டுவந்தது. இதை அதிர்ஷ்டம் என்று சொல்பவர்களிடம் எனக்கு வருத்தம் உண்டு. சக வீரர்களுக்கு முன்னால் தோற்ற அவமானத்தை மறக்காமல், அதிலிருந்து காலை எங்கே வைக்க வேண்டும் என்று கற்றுக்கொண்ட ஒருவனின் உழைப்பு அது.

பிரவுனரின் பங்கு என்ன?

அவர் இல்லாமல் இது இல்லை. பிரவுனர் அதற்கு முந்தைய சீசன் வரை சியாட்டில் அணியில்தான் ஆடினார். 2014-ல் பேட்ரியட்ஸுக்கு வந்தவர். பழைய அணியின் பழக்கவழக்கம் தெரியும். இருவரும் நின்ற விதத்தைப் பார்த்ததுமே, முன்னால் நிற்பவனை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ பின்னால் நின்று பின்னாலிருப்பவனைக் கவனி என்று பட்லருக்குச் சொல்லிவிட்டார். ஆறடி நாலங்குல உயரம், அதற்கேற்ற கை நீளம். கர்ஸ் அசையக்கூட முடியவில்லை. பட்லருக்குப் பாதை திறந்தது அங்கேதான்.

மால்கம் பட்லர் யார்? அதற்கு முன் பெரிய வீரரா?

அந்த இரவுக்கு முன் தீவிர ரசிகர்களிலேயே பலருக்கு அந்தப் பெயர் தெரியாது. மிசிசிப்பி மாநிலத்தின் விக்ஸ்பர்க் ஊர்க்காரர். முதலில் சேர்ந்த கல்லூரி அணியிலிருந்து நீக்கப்பட்டு, சொந்த ஊரில் கோழி வறுவல் விற்கும் பாப்பாய்ஸ் கடையில் வேலை பார்த்தார். திரும்பவும் அதே கல்லூரிக்குப் போய் ஆடி, அங்கிருந்து வெஸ்ட் அலபாமா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அது பெரிய அணிகள் ஆடும் முதல் பிரிவில் இல்லாத சின்னப் பல்கலைக்கழகம்.

2014-ல் 32 அணிகளும் ஏழு சுற்றில் புதியவர்களைத் தேர்ந்தெடுத்தன. யாரும் அவரை எடுக்கவில்லை. முயன்று பார்க்கிறாயா என்று பேட்ரியட்ஸ் கூப்பிட்ட சிறு முகாமில் ஆடிக்காட்டித்தான் ஒப்பந்தம் வாங்கினார். இறுதிப்போட்டியின் முதல் பாதியில் களத்துக்கே வரவில்லை. சியாட்டிலின் கிரிஸ் மேத்யூஸ், அதற்கு முன் என்.எஃப்.எல்.-லில் ஒரு பாஸ்கூடப் பிடிக்காதவர், அன்று உயரத்தை வைத்து 109 யார்டு வாரிக்கொண்டிருந்தார். அவரை அடக்க ஆட்களை மாற்றி நிறுத்தியபோதுதான் பட்லருக்கு இடம் கிடைத்தது. 24 வயது. என்.எஃப்.எல்.-லில் அவர் பிடித்த முதல் இன்டர்செப்ஷன் இது.

பந்து கிடைத்ததும் ஆட்டம் முடிந்துவிட்டதா?

இல்லை. பட்லர் விழுந்தது தன் அணியின் கோட்டை ஒட்டி. வழக்கமாக இந்தக் கட்டத்தில் குவார்ட்டர்பேக் பந்தை வாங்கி முட்டிபோட்டு நேரத்தைக் கடத்திவிடுவார். ஆனால் சொந்தக் கோட்டுக்குள் சிக்கினால் எதிரணிக்கு 2 புள்ளி, அதோடு பந்தும் அவர்களிடம் போய்விடும். முட்டிபோட இடமே இல்லை.

பிரேடி குரலைக் கூட்டிக் குறைத்து, பந்து வரப்போகிறது என்பதுபோல ஏய்த்தார். சியாட்டிலின் மைக்கேல் பென்னட் அவசரப்பட்டு, பந்து அசையும் முன்பே எதிரணிப் பக்கம் பாய்ந்துவிட்டார். 5 யார்டு அபராதம், பேட்ரியட்ஸுக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. முட்டிபோட்டதும் கைகலப்பு, சியாட்டிலின் புரூஸ் இர்வின் வெளியேற்றப்பட்டார். சூப்பர் பவுல் வரலாற்றில் அப்படி வெளியேற்றப்பட்ட முதல் ஆள் அவர்தான். அதன்பின் இன்னொரு முட்டி, அவ்வளவுதான்.

ஆட்டநாயகன் விருது பட்லருக்குத்தானே?

பிரேடிக்கு. 50 பாஸில் 37 சேர்த்து, 328 யார்டு, 4 டச் டவுன். விருதோடு ஒரு ஷெவர்லே பிக்கப் வண்டியும் கொடுத்தார்கள். அது பட்லருக்குப் போகவேண்டும் என்று பிரேடி சொன்னார், போகவும் போனது.

அதன்பின் இவர்களுக்கெல்லாம் என்ன ஆயிற்று?

பட்லர் ஒரு ப்ளேயோடு காணாமல் போகவில்லை. அடுத்த சீசனிலேயே முதல்நிலைக் கார்னர்பேக் ஆனார், நட்சத்திர ஆட்டமான புரோ பவுலுக்குத் தேர்வானார். 2017 பிப்ரவரியில் அட்லாண்டாவிடம் 28-3 என்று பின்தங்கி, கூடுதல் நேரத்தில் 34-28 என்று ஜெயித்த இறுதிப்போட்டியிலும் இருந்தார். ஆனால் 2018 பிப்ரவரியில் ஃபிலடெல்ஃபியாவிடம் 41-33 என்று தோற்ற இறுதிப்போட்டியில், பெலிச்சிக் அவரைத் தடுப்பாட்டத்தில் ஒரு ப்ளேகூட ஆடவிடவில்லை. தேசிய கீதம் பாடும்போது ஓரத்தில் நின்று அவர் அழுத காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. ஏன் உட்கார வைத்தார்கள் என்பதற்கு முழுமையான விளக்கம் பொதுவெளியில் வரவே இல்லை. அடுத்த மாதமே டென்னசி அணிக்குப் போய்விட்டார்.

லாக்கெட்டின் கதை வலிக்கும். 2015 நவம்பரில் ஒரு மோதலில் கழுத்தில் பலத்த காயம், அத்துடன் ஆட்டவாழ்க்கை முடிந்தது. அவரை அந்த ஒரு பாஸை வைத்தே பேசுகிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த வீடியோவை முதல்முறை பார்க்கப்போகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் எல்லோரையும்போலப் பந்தைப் பாருங்கள். ஒரு கண்சிமிட்டலில் முடிந்துவிடும். சியாட்டிலின் ரிச்சர்ட் ஷெர்மன் ஓரத்தில் நின்று பார்க்கும் காட்சியும் வரும், அவர் முகம் மாறுவதைப் பாருங்கள்.

பிறகு ஒலியை நிறுத்திவிட்டு, மைதானத்தின் பின்பக்கக் கோணத்தில் எடுத்த காட்சியைத் தேடி மெதுவாக ஓட்டுங்கள். வில்சனைப் பார்க்க வேண்டாம், லின்ச்சையும் பார்க்க வேண்டாம். வலது பக்கம், கோட்டுக்கு உள்ளே, 21-ம் எண் சட்டை. பந்து இன்னும் வில்சன் கையில்தான் இருக்கும். அதற்குள் அவன் கால் கிளம்பிவிட்டிருக்கும்.